நானோ குழாய் பார்க்கப் போனதும் ஒன்பதாவது பாட்டிலும்

சென்ற ஆகஸ்ட் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை புதுக்கோட்டைக்குப் போய் வந்தேன். என் மகன் வயிற்றுப் பேத்தி ஜெசிந்தா அங்கே ஒரு கல்லூரியில் ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். டாக்டர் பட்டத்துக்கான கடைசித் தேர்வு அன்றைக்கு. வைவா என்கிறார்கள். இந்தத் தேர்வைப் பூட்டிய அறைக்குள் வைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் எழுந்து பட்டம் தரலாம் என்று அறிவிப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். அப்புறம் படித்த பிள்ளையின் வீட்டார் வந்தவர்களுக்குச் சோறு போடவேண்டும். எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியாது, ஆனால் போடாமல் யாரும் இருந்ததில்லை.

மகனும் மருமகளும் குவைத்தில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே லீவு கிடைக்கவில்லை. ஆகவே வீட்டார் என்றால் நான் ஒருத்திதான். அதோடு எனக்கு வேறு ஓர் ஆசையும் இருந்தது. ஐந்து வருடமாக இந்தப் பெண் வாயைத் திறந்தால் கார்பன் நானோ குழாய் என்றுதான் சொல்கிறாள். ஒருநாள் காட்டேன் என்றால், "கண்ணுக்குத் தெரியாது அப்பத்தா" என்பாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஐந்து வருடமா? அதை ஒரு கை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்க வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். போனில் பேசினால் எழுத்தாக விழுகிறது, தப்பாக விழுந்ததைத் திருத்திவிட்டுப் போடுகிறேன். பஸ் நேரமும் காசும் மட்டும் ஒருபோதும் தப்பாக இருக்காது.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். காலை 6.40க்கு மினி பஸ், கீரனூருக்குப் பதினான்கு கிலோமீட்டர், பத்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். கீரனூரில் திருச்சியிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் இருக்கிறது, ஆனால் அது கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். தேர்வு நாளில் அந்த வம்பு வேண்டாமென்று இருபது ரூபாய் கொடுத்துப் போனேன். கீரனூரிலிருந்து புதுக்கோட்டை இருபத்தைந்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம். வழியில் நார்த்தாமலைப் பிரிவு வரும். மேலே விஜயாலய சோழீச்சரம் பார்க்கிறவர்கள் அங்கே இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும். பாறை ஒன்பது மணிக்கே சுட ஆரம்பித்துவிடும், காலையில் முதல் வேலையாகப் போங்கள். நான் அன்று இறங்கவில்லை.

பஸ் நிலையத்தில் இறங்கியபோது மணி 8.20. ஜெசி ஒரு வேலை சொல்லியிருந்தாள். நூறு கிராம் கற்பூரம், மெழுகு கலக்காதது. அவள் அந்தக் குழாயைச் செய்வதே கற்பூரத்திலிருந்துதான். வந்தவர்களுக்குப் புரியட்டுமென்று மேசையில் வைத்துக் காட்டவேண்டுமாம். கீழ ராஜ வீதியில் ஒரு பூசைச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் கற்பூரத்தை எடுத்தவர், என் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினார்.

"எந்தக் கோயிலுக்குங்க ஆத்தா?"

"கோயிலுக்கு இல்லைங்க, காலேஜுக்கு."

"காலேஜுல யாருக்கும் சாமி வந்துருச்சா?"

"கற்பூரத்தைச் சுட்டுக் குழாய் பண்றாங்க."

"கற்பூரத்துல குழாயா? அதுல தண்ணி வருமா?"

"தண்ணிதான் வரும். எடையப் பாத்துப் போடுங்க, பேச்சுல பத்து கிராம் கொறையுது."

நூற்று நாற்பது ரூபாய் வாங்கினார். அவர் கேட்டது வேடிக்கைக்குத்தான், ஆனால் நான் சொன்னதும் நிஜம்தான்.

அங்கிருந்து கல்லூரி நாலரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்தான், ஆனால் கல்லூரி வளைவுவரை போகாது, கடைசி அரை கிலோமீட்டர் நடக்கவேண்டும். பட்டுச்சேலை கட்டியிருந்ததால் தனி ஆட்டோ.

ஜெசி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் பட்டு. தேர்வு 10.30க்கு. அதற்குள் லேபைக் காட்டிவிடுகிறேன் என்று அழைத்துப் போனாள். செருப்பைக் கழற்றாதே என்றாள். முகமூடியும் கையுறையும் போட்டுவிட்டாள்.

லேபில் ஒரு நீளமான அடுப்பு. அதன் நடுவே உலக்கைத் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய் ஓடுகிறது. ஒரு முனையில் கற்பூரத்தையும் இரும்பு கலந்த ஒரு பொடியையும் வைத்துச் சூடு காட்டுவார்களாம். காற்றே படக்கூடாது. காற்றுப் பட்டால் கற்பூரம் எரிந்து போய்விடும். காற்றை வெளியேற்றிவிட்டு வேறொரு வாயுவை ஓடவிட்டால், ஆவியான கற்பூரம் அடுப்பின் நடுவே உடைந்து, அதிலிருக்கிற கரி மட்டும் இரும்புத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு இழையிழையாக வளருமாம்.

"வளருமா? கத்திரிச் செடியா அது?"

"அப்படித்தான் வளரும் அப்பத்தா. வேர் இரும்பு, தண்டு கரி."

பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கையில் கொடுத்தாள். உள்ளே கறுப்பாக ஒரு பொடி. விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து வழித்தால் வருமே, அதே மாதிரிதான். எனக்குக் கொஞ்சம் சப்பென்று போய்விட்டது. அவள் சுவரில் ஒட்டியிருந்த பெரிய படத்தைக் காட்டினாள். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலை இருக்கிறதே, ஆறு மூலை ஆறு மூலையாக ஓட்டை இருக்கும், அதை ஒரு முழம் வெட்டிச் சுருட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு கரி அணு. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி ஆயிரக்கணக்கான குழாய்களை அடுக்கிவிடலாமாம்.

கோழிவலை என்றதும் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா இரவல் வாங்கிப் போன என் கோழிவலை பதினேழு வருடமாகத் திரும்பி வரவில்லை. இப்போதும் அவள் கூண்டில் அதுதான் இருக்கிறது.

இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டேன். அங்கே நின்ற அரைமணி நேரம்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம். இந்தக் குழாய்களைச் சேர்த்து நூல் மாதிரி முறுக்குகிறார்களாம். அந்த நூல் எடைக்கு எடை பார்த்தால் இரும்பைவிட வலுவாக வரலாம். அதிலே கரண்டும் ஓடும். செம்பு ஒயரைவிடக் கனம் மிகக் குறைவு, துருப்பிடிக்காது. இப்போதைக்குச் செம்பு அளவு கரண்டைக் கடத்தவில்லை, அதற்குத்தான் பல ஊர்களில் உட்கார்ந்து முட்டிமோதுகிறார்களாம்.

"திருடிக்கிட்டுப் போயி எடைக்குப் போட்டா காசு வருமா?" என்று கேட்டேன்.

ஜெசி சிரித்தாள். "வராது. பழைய இரும்புக் கடையில கரி நூலை யாரு வாங்குவா?"

அப்படியென்றால் முதலில் அதைத்தான் செய்யவேண்டும். சில வருடம் முன்பு, தீபாவளிக்கு முந்தின வாரம், எங்கள் போர் மோட்டாரின் செம்பு ஒயரை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போனார்கள். யாரென்று எனக்குத் தெரியும். பெயரை எழுதவில்லை, அவன் இதைப் படிக்கிறான்.

பேட்டரிக்குள் இந்தக் கரியைக் கொஞ்சம் கலந்தால் சீக்கிரம் சார்ஜ் ஏறுமாம், அதை இப்போதே சில இடங்களில் செய்கிறார்கள். தோலில் ஒட்டிக்கொள்கிற பட்டையில் வைத்தால் வியர்வையைப் பார்த்தே உடம்பில் என்ன குறை என்று சொல்லுமாம். எனக்குச் சர்க்கரை, மாதம் ஒருமுறை விரலில் குத்துகிறார்கள், ஆகவே அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பட்டை கடைக்கு வர இன்னும் நாளாகுமாம். நூலைச் சுருள் சுருளாக முறுக்கிக் கரண்டு கொடுத்தால் நம் சதை மாதிரி சுருங்கி விரியுமாம். செயற்கைக் கைக்கு, காலுக்கு ஆகும். இதெல்லாவற்றையும் தாண்டி, பூமியிலிருந்து வானத்துக்கு ஒரு கயிறு கட்டி அதிலே லிஃப்ட் விடலாம் என்றுகூடச் சிலர் கணக்குப் போட்டிருக்கிறார்களாம்.

"நடக்குமா?"

"எனக்குத் தெரியல. அவ்வளவு நீளத்துக்கு ஒரு குறையும் இல்லாம இழை செய்ய யாருக்கும் இன்னும் வரல. நடக்கும்னு சொல்றவங்க சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பெண்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. என் வீட்டுக்காரர் கல் உடைக்கிற கிரஷரில் பதினோரு வருடம் இருந்தார். அந்தத் தூசு நெஞ்சில் இறங்கித்தான் போனார். இது அதைவிடப் பொடித் தூசாயிற்றே என்றேன். ஜெசி முகமூடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். ஆபத்து இருக்கிறது என்றாள். நீளமாக, விறைப்பாக இருக்கிற வகை நுரையீரலில் போய்க் குத்திக்கொண்டால் சிமெண்ட் ஷீட்டுத் தூசு செய்கிற மாதிரி கெடுதல் செய்யலாமாம். அதனால்தான் எல்லா வேலையும் கண்ணாடி அடைத்த, காற்றை உறிஞ்சுகிற பெட்டிக்குள். "எங்க கைடு மாஸ்க் இல்லாம உள்ள வந்தா வெளிய அனுப்பிருவாரு."

கைடு என்பவர் அவளுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர். அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. முதல் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரீடிங் கொண்டுவர ஒருநாள் தாமதமானதற்காக ஜெசியை மூன்று மணி நேரம் வராந்தாவில் நிற்க வைத்தார். அன்று இரவு போனில் அவள் அழுதாள். அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை. ஆகவே மாஸ்க் விஷயத்தை மட்டும் அவருக்கு நல்லதாக வைத்துக்கொண்டேன்.

கடைசியாக அவளுடைய சொந்த வேலையைக் காட்டினாள். தண்ணீர் ஃபில்டர். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு என்கிற உப்பு அதிகம். சின்ன வயதிலிருந்து குடித்தால் பல் பழுப்பாகிவிடும், வயதானால் எலும்பைப் பிடிக்கும். என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, பச்சையில் மஞ்சள் கரை போட்ட சேலை கட்டியிருந்தவள், "பொண்ணு சிரிக்காம இருந்தா லட்சணமாத்தான் இருக்கு" என்றாள். அந்தத் தண்ணீர்தான் அது. ஜெசி நானோ குழாய்மேல் அலுமினா என்ற ஒன்றைப் பூசி, அதன் வழியே தண்ணீரை விட்டால் அந்த உப்பு குழாயில் ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். குழாயே பிய்ந்து தண்ணீரில் கலந்துவிடுகிறதா என்றும் தனியாக ஒரு அத்தியாயம் பார்த்திருக்கிறாள்.

சோதனைக்குத் தண்ணீர் எங்கள் வீட்டுப் போரிலிருந்துதான் போனது. ஒரே போர், மாதம் ஒரு பாட்டில், ஒரு வருடம். ஜெசி புதுக்கோட்டை ஹாஸ்டலில் இருந்ததால், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள்கிழமை நான் பாட்டிலை நிரப்பிக் கீரனூர் வந்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவேன். அவள் இங்கே வாங்கிக்கொள்வாள். அந்த வகையில் இந்த ஆராய்ச்சியில் எனக்கும் பங்கு இருக்கிறது என்ற பெருமையோடுதான் ஹாலுக்குள் போனேன்.

ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். மேடையில் கைடு. முன்வரிசையில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பேராசிரியை, ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். அவர் சரி என்றால்தான் பட்டம். ஜெசி முக்கால் மணி நேரம் பேசினாள். கற்பூரத்தைக் காட்டினாள், குப்பியைக் காட்டினாள். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசியதால் எனக்குப் பாதி புரிந்தது.

அப்புறம் திரையில் ஒரு கோடு வந்தது. பன்னிரண்டு மாதத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. மார்ச்சிலிருந்து பிப்ரவரி வரை பன்னிரண்டு புள்ளி. பதினொன்று ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றன. ஒன்பதாவது புள்ளி, நவம்பர், மட்டும் கீழே பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

பேராசிரியை கண்ணாடியை இறக்கினார். "நவம்பர்ல ஏன் இப்படி?"

"மழைங்க மேடம். நிலத்தடி நீர் ஏறுனதால உப்பு கொறைஞ்சிருக்கு. நாலாம் அத்தியாயத்துல விளக்கியிருக்கேன்."

"டிசம்பர்லயும் மழைதானம்மா? அப்ப ஏன் பழைய இடத்துக்கே ஏறுது?"

ஜெசி திரும்பித் திரையைப் பார்த்தாள். கைடு ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பேராசிரியை கையைக் காட்டி நிறுத்தினார். "மழை இல்லேன்னா அளந்த மெஷின் தப்பு. மெஷின் ஒரு மாசம் தப்பாக் காட்டியிருந்தா மத்த பதினொண்ணையும் நான் எப்படி நம்புறது? ஃபில்டர் வேலை செஞ்சுதுன்னு எப்படி நம்புறது?"

நவம்பர் எனக்குத் தெரியும். கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் இடி விழுந்து மோட்டாரின் காயில் கம்பி கருகிவிட்டது. திங்கள்கிழமை பாட்டில் போகவேண்டும். போரில் தண்ணீர் இல்லை. வீட்டுக் குடத்தில் காவிரிக் குழாய்த் தண்ணீர் இருந்தது. அதை நிரப்பி அனுப்பினேன். இதை நான் ஒரு தப்பாகவே நினைத்ததில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இவள் சமாளித்துவிடுவாள் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனால் ஜெசி திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால், தன் மெஷின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது தெரிந்தது. எழுந்தேன்.

"மெஷின் தப்பு இல்லைங்க. தப்பு என்னுது."

எல்லாத் தலையும் திரும்பியது. "நீங்க யாரும்மா?" என்றார் பேராசிரியை.

"இவ அப்பத்தா. தண்ணி புடிச்சு அனுப்புனவ. நவம்பர்ல மோட்டார் எரிஞ்சுபோச்சு. காவேரித் தண்ணியை ஊத்தி அனுப்பிட்டேன்."

"ஏன் மாத்துனீங்க?"

"காலேஜுக்குப் போற தண்ணிங்க. வீட்டுக்கு வர்றவகளுக்கே அந்த உப்புத் தண்ணியக் குடுக்க மாட்டோம், காவேரித் தண்ணிதான் குடுப்போம். இருக்கறதுலயே நல்லதாக் குடுப்போம்னு குடுத்தேன்."

ஹால் முழுக்கச் சிரித்தது. ஜெசி சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வந்து, சொல்ல நினைக்காததும் வந்துவிட்டது. "பாட்டில் வரலேன்னா இந்த ஐயா பிள்ளைய வராந்தாவுல நிக்க வைப்பாரு. அந்தப் பயமும் இருந்துச்சு."

கைடின் முகம் மாறியது. "நிக்க வச்சது வாஸ்தவந்தான்மா" என்றார். "ஆனா ஒரு போன் போட்டிருந்தா, நவம்பர் இல்லைன்னு எழுதியிருப்போம். ஒரு மாசம் இல்லாமப் போனா அது குத்தமே இல்லை."

இது எனக்குத் தெரியாது. ஒரு மாதம் விட்டுப்போவதை விடப் பெரிய தப்பு இல்லையென்று நான் நினைத்திருந்தேன்.

பேராசிரியை என்னை விடவில்லை. "மத்த பதினொண்ணு?"

நான் நின்றபடியே சொன்னேன். மார்ச் பாட்டில், தவக்காலம், மினி பஸ் பஞ்சராகி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். ஏப்ரல், கண்டக்டர் புதியவர், வாங்க மாட்டேன் என்றார், ஓட்டுநர் வாங்கிக்கொண்டார். மே, மூடி சரியில்லாமல் பையெல்லாம் ஈரம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், ஒவ்வொன்றாகச் சொல்லி பிப்ரவரி வரை வந்தேன். எல்லாம் போர்த் தண்ணீர். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"உங்க ஞாபகம் என்னோடதவிட நல்லா இருக்கும்மா. ஆனா ஞாபகத்தை நான் தீசிஸ்ல ஒட்ட முடியாது. எழுதி வச்ச நோட்டு இருக்கா?"

இல்லை.

அவர் ஜெசியிடம் திரும்பினார். காவிரித் தண்ணீரைத் தனியாக எப்போதாவது அளந்தாயா என்று கேட்டார். இரண்டாம் அத்தியாயத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அளந்திருந்தாள். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அந்த எண்ணும் நவம்பர் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று. "மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு, நாமதான் மழைன்னு சொல்லியிருக்கோம்" என்றார் பேராசிரியை. அதற்குமேல் அவர் சொன்னதுதான் முடிவு. நவம்பரை எடுக்கவேண்டும். மாற்றி ஊற்றியதை மறைக்காமல் எழுதவேண்டும். ஜெசியே நேரில் போய், மூன்று மாதம் மூன்று பாட்டில், தேதியும் நேரமும் எழுதி ஒட்டி எடுத்துவந்து மறுபடி அளக்கவேண்டும். அது பழைய வரிசையோடு ஒத்துப்போனால் கையெழுத்துப் போடுவார். அன்றைக்கு அறிவிப்பு இல்லை.

கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

சோறு மட்டும் தயாராக இருந்தது. அறுபது பேருக்குச் சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். முடிவு வராத தேர்வுக்கு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேராசிரியை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டாம் முறை தயிர் சாதம் வாங்கிக்கொண்டார். லட்டுப் பெட்டியை மட்டும் ஜெசி திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டாள். பட்டம் என்று சொல்லித்தான் அதைக் கொடுக்கவேண்டும். கைடு கிளம்பும்போது என்னிடம் வந்து, "வரேங்கம்மா" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வராந்தாவை மன்னித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பஸ் நிலையம்வரை கல்லூரி வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். 3.10க்கு டவுன் பஸ். இந்த முறை டிக்கெட் இல்லை, கீரனூர் சேர ஒரு மணி ஐந்து நிமிடம். ஜெசியும் என்னோடு ஊருக்கு வந்தாள். என் மடியில் அறுபது லட்டு. எதிர் சீட்டுப் பெண் பெட்டியைப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்று கேட்டாள். நான் பெட்டியின்மேல் முந்தானையைப் போட்டு மூடினேன். நார்த்தாமலைப் பிரிவு தாண்டித்தான் ஜெசி வாய் திறந்தாள்.

"எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கல."

"மழைன்னு நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேன் அப்பத்தா."

"நாலு பக்கமா? அந்த வருசம் பேஞ்ச மழைக்கு அரைப் பக்கம் போதுமே."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உடனே அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். ஊர் சேரும்வரை அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்படி ஒரு வைவாவுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். அழைப்பில் 10.30 என்றால் 10.30க்குத் தொடங்கிவிடுகிறது, கல்யாணம் மாதிரி இல்லை. லேப் பார்க்கவேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், தேர்வு முடிந்தால் யாருக்கும் காட்டுகிற மனநிலை இருக்காது. லேபில் அடுப்பு எரிகிறது, நைலான் சேலை வேண்டாம், முழுக்கால் மூடிய செருப்பு நல்லது. எனக்கு மொத்தச் செலவு, கற்பூரத்தையும் திரும்பி வந்த மினி பஸ்ஸையும் சேர்த்து, முந்நூறு ரூபாய். சாப்பாடும் லட்டும் என் மகன் கணக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எதையாவது அளக்கிறேன், எடுத்து அனுப்பு என்று கேட்டால் அவர்கள் கேட்டதையே அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். நல்லதாக எடுத்து அனுப்பாதீர்கள்.

அந்தக் கரிக்குழாயையும் தண்ணீர் அளந்த மெஷினையும் பற்றி இப்போதும் யோசிக்கிறேன். வானத்துக்குக் கயிறு கட்டுவார்களோ இல்லையோ, நல்ல தண்ணீர் எது, கெட்ட தண்ணீர் எது என்று அந்த மெஷினுக்கு ஒளிவு மறைவு இல்லாமல் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர், அக்டோபர் பாட்டில்களை ஜெசியே வந்து பிடித்துப் போனாள். இரண்டும் பழைய வரிசையில் நிற்கின்றனவாம். மூன்றாவது அடுத்த திங்கள்கிழமை. போன ஞாயிறு மத்தியானம் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அந்த அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். தமிழில் சொன்னாள். ஒன்பதாம் மாதத் தண்ணீர், சேகரித்தவரால் மாற்றி நிரப்பப்பட்டது.

"சேகரித்தவர்னா யாரு?"

"நீதான்."

"அப்ப என் பேரைப் போடு."

"வேணாம் அப்பத்தா. அசிங்கமாப் போயிரும்."

"யாருக்கு? நாளைக்கு இதைப் படிக்கிறவனுக்கு என்ன தெரியும்? உன் புஸ்தகம், நீதான் மாத்துனேன்னு நெனைப்பான். சவரியம்மாள்னு போடு."

அவள் விசைப்பலகையில் தட்டினாள். திரையை எட்டிப் பார்த்தேன், இங்கிலீஷ் எழுத்தில் என் பெயர் இருந்தது. அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.